"அப்போதெல்லாம் போவோம்": பழைய வழக்கத்தை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கல்லூரி முடித்தவர்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள், புதுச்சேரி ஹோட்டல்களில் வேலை தேடுபவர்கள் என்று பலரும் வருவார்கள். அவர்களில் ஒரு தம்பி போன வருடம் புதுச்சேரியில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனார். ஒரு நாள் உங்களுக்கு எப்படிப் போகும், சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் தயங்காமல் சொல்லியிருக்கிறார்: "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ். ஐ யூஸ்ட் டு ஹெல்ப் மை ஃபாதர் இன் தி ஷாப்." உடனே எதிரில் இருந்தவர், "வொய் டிட் யூ ஸ்டாப்?" என்று கேட்டாராம்.

மறுநாள் வகுப்புக்கு வந்தவர் முதல் வேலையாக என்னிடம் கேட்டது இதுதான்: "மிஸ், நான் எதையும் நிறுத்தலையே, இன்னைக்குக் காலையில கூட கடை திறந்துட்டுத்தானே வந்தேன். அவங்க ஏன் அப்படிக் கேட்டாங்க?"

அவர் சொல்ல நினைத்தது "ஐந்து மணிக்கு எழுந்திருப்பது வழக்கம்" என்பது. கேட்டவர் காதில் விழுந்தது "ஒரு காலத்தில் எழுந்திருந்தேன், இப்போது இல்லை" என்பது. இலக்கணப்படி அவர் வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அர்த்தம்தான் தலைகீழாகப் போய்விட்டது. வகுப்புக்கு வருபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: "இப்போதும் உண்டா?" என்று கேளுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் இந்தப் பழக்கம் இப்போதும் இருக்கிறதா, முடிந்துபோனதா?

இப்போதும் இருந்தால் யூஸ்ட் டு பக்கமே போகவேண்டாம். "ஐ கெட் அப் அட் ஃபைவ்" போதும். "வழக்கமாக" என்பதையும் சேர்க்க வேண்டுமென்றால் "ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்". யூஸ்ட் டு என்பதற்கு நிகழ்காலமே கிடையாது. "ஐ யூஸ் டு கோ" என்று ஒன்றை நாமாக உருவாக்கிக்கொள்ளவும் முடியாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நம் "வழக்கம்" என்ற சொல்தான். அது காலம் பார்க்காது. "போவது வழக்கம்" என்று தமிழில் சொன்னால் நேற்றும் இருக்கும், இன்றும் இருக்கும். யூஸ்ட் டு அப்படியில்லை. அதற்குள்ளேயே "இப்போது இல்லை" என்பதும் சேர்ந்து வரும். "வழக்கம் என்றால் யூஸ்ட் டு" என்று மனப்பாடம் செய்தவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஊரிலிருந்தே ஒரு உதாரணம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து வழக்கப்படி புதுச்சேரிக் காவலர்கள் இன்றைக்கும் சிவப்புத் தொப்பி போடுகிறார்கள். சுற்றுலா வந்தவரிடம் "தே யூஸ்ட் டு வேர் ரெட் கேப்ஸ்" என்று சொன்னால், எதிரில் தொப்பியோடு நிற்கும் காவலரைப் பார்த்து அவர் குழம்பிப்போவார். "தே வேர் ரெட் கேப்ஸ்" என்றுதான் சொல்லவேண்டும். "புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது" என்பது முடிந்துபோன கதை. அங்கே "புதுச்சேரி யூஸ்ட் டு பி எ ஃபிரெஞ்ச் காலனி" சரியாகப் பொருந்தும். அதே மாதிரி "கடலூர் யூஸ்ட் டு பி தி ஹெட்குவார்ட்டர்ஸ் ஆஃப் சவுத் ஆர்க்காட் டிஸ்ட்ரிக்ட்" என்பதும் சரி. தென்னாற்காடு மாவட்டம் 1993இல் பிரிந்துவிட்டதே!

இரண்டாம் படி: யூஸ்ட் டுவை வாய்க்குப் பழக்குங்கள்

அமைப்பு சுலபம். யூஸ்ட் டு, அதற்குப் பின்னால் வெர்ப் எந்த மாற்றமும் இல்லாமல். யூஸ்ட் டு கோ, யூஸ்ட் டு பி, யூஸ்ட் டு ஹேவ். நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் இதே வடிவம்தான்.

உச்சரிப்பில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். "யூஸ்டு, டு" என்று இரண்டாக வெட்டிச் சொல்லாதீர்கள். ஒரே மூச்சில் "யூஸ்ட்டு". நடுவில் வரும் ஸ், "பஸ்" என்னும்போது வருகிற அதே ஸ். "பயன்படுத்தினேன்" என்ற பொருளில் வரும் யூஸ்டு வேறு. அதில் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வுள்ள ஒலி வரும், அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பாருங்கள். பயன்படுத்தினேன் என்பதற்கு ஸ் வரும் இடத்திலும் விரலில் அதிர்வு தெரியும். வழக்கத்துக்கு அந்த இடத்தில் அதிர்வு நின்றுவிடும்.

கேள்வி கேட்கும்போதும் மறுக்கும்போதும் டிட் வந்துவிடும். அது வந்தால் யூஸ்ட் என்பதன் கடைசி எழுத்தை எழுத்தில் எடுத்துவிட வேண்டும்: "டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?", "ஐ டிடின்ட் யூஸ் டு லைக் காபி." சொல்லும்போது காதுக்கு வித்தியாசம் தெரியாது, பரீட்சைத் தாளில் தெரியும். மறுப்புக்கு "ஐ நெவர் யூஸ்ட் டு லைக் காபி" என்பது பேச்சில் இன்னும் இயல்பு. இங்கே டிட் இல்லாததால் யூஸ்ட் முழுதாக இருக்கும்.

மூன்றாம் படி: உங்கள் வாயில் ஏற்கனவே இருக்கும் வுட்

என் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

வுட் என்றாலே பலர் மிரள்கிறார்கள். "வுட் யூ லைக் டீ?" என்று மரியாதையாகக் கேட்பது, "ஐ வுட் கோ இஃப்..." என்று நிபந்தனை சொல்வது, இரண்டையும் எப்படியோ படித்திருப்பார்கள். அதே வுட் பழைய கதை சொல்லவும் வரும் என்றால் நம்பமாட்டார்கள்.

ஆனால் நாம் தமிழில் தினமும் செய்வதும் இதைத்தான். "சின்ன வயசுல சாயங்காலம் ஆனா சில்வர் பீச்சுக்குப் போவோம். அப்பா சுண்டல் வாங்கித் தருவார். இருட்டின பிறகுதான் திரும்புவோம்." இதில் போவோம், தருவார், திரும்புவோம் எல்லாமே எதிர்கால வடிவம். "நாளைக்குப் போவோம்" என்பதிலும் இதே போவோம்தான். எதிர்காலத்துக்கான வடிவத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

ஆங்கிலத்திலும் இதேதான் நடக்கிறது. எதிர்காலத்துக்கு வில். வில்லின் இறந்தகால வடிவம்தான் வுட். பழைய நாளில் திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்ல அது வருகிறது. "வி வுட் கோ டு சில்வர் பீச். அப்பா வுட் பை அஸ் சுண்டல். வி வுட் கம் ஹோம் ஆஃப்டர் டார்க்." நம் போவோமுக்கு வி வுட் கோ, தருவாருக்கு ஹி வுட் கிவ். சொல்லுக்குச் சொல் ஒட்டிவரும். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைப் பிடித்திருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு நிபந்தனையும் இரண்டு மொழிக்கும் பொது. தமிழில் திடீரென்று "பீச்சுக்குப் போவோம்" என்றால், கேட்பவர் "எப்போ? நாளைக்கா?" என்பார். "அப்போதெல்லாம்", "சின்ன வயசுல" என்று ஒரு சொல் முன்னால் வந்தால்தான் அது பழைய கதை. ஆங்கிலத்திலும் வுட் தனியாக வந்தால் "ஐ வுட் கோ" என்பதைக் கேட்டவர் "போவேன், ஆனால்..." என்று அடுத்ததை எதிர்பார்த்து நிற்பார். "வென் ஐ வாஸ் எ சைல்ட்" என்றோ, "இன் தோஸ் டேஸ்" என்றோ காலத்தைக் காட்டிவிட்டு வுட்டுக்குப் போங்கள். இன்னொரு வழி, முதல் வாக்கியத்தில் யூஸ்ட் டு போட்டுக் கதவைத் திறந்துவிட்டு அடுத்த வாக்கியங்களில் வுட் என்று தொடர்வது. வாக்கியத்துக்கு வாக்கியம் யூஸ்ட் டு போட்டால் காதுக்குச் சலித்துப்போகும்.

பேச்சில் ஐ வுட் என்பது "ஐட்" என்று சுருங்கும், வி வுட் என்பது "வீட்" ஆகும். படம் பார்க்கும்போது இது காதில் விழாமல் போவதால்தான் பாதி வசனம் நிகழ்காலம் போலத் தோன்றுகிறது.

நான்காம் படி: இருக்கும், தெரியும், பிடிக்கும்

சரி, போவேன் என்றால் வுட் கோ என்று பழகியாயிற்று. அப்படியே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் இடறும்.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பலாமரம் இருக்கும்." பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் வகுப்பில் சொன்னது. பழைய நினைவைச் சொல்லும்போது தமிழில் "இருக்கும்" என்போம், அது அழகாகவே இருக்கிறது. அவர் அதை "தேர் வுட் பி எ ஜாக்ஃப்ரூட் ட்ரீ" என்று மாற்றினார். அது தவறு. "தேர் யூஸ்ட் டு பி எ ஜாக்ஃப்ரூட் ட்ரீ பிஹைண்ட் அவர் ஹவுஸ்" என்பதே சரி. வுட் செயலுக்குத்தான் வரும், அதுவும் திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு. மரம் எதையும் திரும்பத் திரும்பச் செய்யவில்லை. அங்கேயே நின்றது. அது ஒரு நிலை.

தெரியும், பிடிக்கும் என்பவையும் இப்படித்தான். "அப்போ எனக்கு அவரை நல்லாத் தெரியும்" என்பதற்கு "ஐ யூஸ்ட் டு நோ ஹிம் வெல்". "சின்ன வயசுல எனக்கு ஐஸ் ரொம்பப் பிடிக்கும்" என்பதற்கு "ஐ யூஸ்ட் டு லவ் ஐஸ்கிரீம்". வீடு, வண்டி, நிலம் என்று கையில் இருந்தவற்றுக்கு யூஸ்ட் டு ஹேவ். ஓரிடத்தில் குடியிருந்ததற்கு யூஸ்ட் டு லிவ். தமிழில் உம் என்று முடிவதைப் பார்த்துவிட்டு வுட் பக்கம் போகாதீர்கள்.

சந்தேகம் வந்தால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் "ஒவ்வொரு தடவையும்" என்பதைச் செருகுங்கள். "ஒவ்வொரு தடவையும் அப்பா சுண்டல் வாங்கித் தருவார்." பொருந்துகிறது, வுட் வரலாம். "ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் பின்னால் பலாமரம் இருக்கும்." பொருந்தவில்லை, யூஸ்ட் டு மட்டும்.

இந்தச் சோதனை இன்னொரு நுணுக்கத்தையும் காட்டும். "பிரதோஷம் வந்தால் பாடலீஸ்வரர் கோயிலில் கூட்டம் இருக்கும்." இதுவும் இருக்கும்தான். ஆனால் கூட்டம் வந்து வந்து போகிறது. ஒவ்வொரு தடவையும் என்று போட்டால் பொருந்துகிறது. அதனால் பழைய நாளைப் பற்றிச் சொல்லும்போது இங்கே "தேர் வுட் பி எ பிக் க்ரௌட்" சரி. இருக்கும் என்ற சொல்லை வைத்து முடிவு செய்யாமல், நின்றதா, வந்து போனதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு வந்தால் சிம்பிள் பாஸ்ட்

எத்தனை வருடம், எத்தனை தடவை, எந்தத் தேதி என்று எண்ணிச் சொல்லிவிட்டால் யூஸ்ட் டு, வுட் இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண இறந்தகாலம் போதும்.

இதற்குப் பாரதியாரை விட நல்ல உதாரணம் நம் பக்கத்தில் இல்லை. அவர் 1908இல் புதுச்சேரிக்கு வந்தார், பத்து வருடம் இருந்தார். 1918 நவம்பரில் அங்கிருந்து கிளம்பி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தபோது கடலூர் அருகே கைதானார், கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். "பாரதி லிவ்டு இன் புதுச்சேரி ஃபார் டென் இயர்ஸ். ஹி வாஸ் அரெஸ்டட் நியர் கடலூர் இன் 1918." டென் இயர்ஸ் என்று எண்ணிவிட்டதால் "யூஸ்ட் டு லிவ் ஃபார் டென் இயர்ஸ்" வராது. எண்ணை எடுத்துவிட்டால் "பாரதி யூஸ்ட் டு லிவ் இன் திஸ் டவுன்" என்று தாராளமாகச் சொல்லலாம். கைதானது ஒரு தடவை நடந்த சம்பவம், அதற்கு எப்போதுமே சிம்பிள் பாஸ்ட்தான்.

சுற்றுலா வழிகாட்டியாகப் போகிறவர்களுக்கு இந்த ஜோடி மிகவும் உதவும். முதலில் இருந்ததைச் சொல்ல யூஸ்ட் டு, அது போன விதத்தைச் சொல்ல சிம்பிள் பாஸ்ட். "தேர் யூஸ்ட் டு பி அன் அயர்ன் பியர் ஹியர். எ சைக்ளோன் டிஸ்ட்ராய்டு இட் இன் 1952." புதுச்சேரிக் கடற்கரையில் நின்று பழைய இரும்புப் பாலத்தைப் பற்றிச் சொல்ல இந்த இரண்டு வாக்கியம் போதும். பலாமரம் சொன்ன பெண்ணின் அடுத்த வாக்கியமும் இதே அமைப்பில் வந்தது: "இட் ஃபெல் இன் தானே சைக்ளோன்." அது 2011 டிசம்பர் 30.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எதைப் போடுவது என்று தெரியாமல் முழித்தால் சிம்பிள் பாஸ்ட் போடுங்கள். "வென் ஐ வாஸ் எ சைல்ட், வி வெண்ட் டு தி பீச் எவ்ரி சண்டே" என்பது பிழையே இல்லாத வாக்கியம். எவ்ரி சண்டே என்பதே வழக்கத்தைக் காட்டிவிடுகிறது. நிறுத்திவிட்டோம் என்ற சாயலும் நினைவின் மணமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: "போயிட்டிருந்தேன்" ஒரு பொறி

"ஸ்கூல் படிக்கும்போது பஸ்லதான் போயிட்டிருந்தேன்" என்று பேச்சில் சொல்கிறோம். அதை அப்படியே "ஐ வாஸ் கோயிங் டு ஸ்கூல் பை பஸ்" என்று மாற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் அது பஸ்ஸில் பாதி வழியில் இருப்பவரின் வாக்கியம். கேட்பவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று காத்திருப்பார். "ஐ யூஸ்ட் டு கோ டு ஸ்கூல் பை பஸ்" என்று மாற்றுங்கள்.

ஆல்வேஸ் சேர்ந்தால் மட்டும் இந்த வடிவம் வழக்கத்துக்கு வரும். "மை பாட்டி வாஸ் ஆல்வேஸ் கிவிங் அஸ் சம்திங் டு ஈட்." எப்போது பார்த்தாலும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பாள் என்று நாம் இழுத்துச் சொல்வது போல. பாசமும் தெரியும், அலுப்பும் தெரியும். சொல்கிறவர் குரலைப் பொறுத்தது.

ஏழாம் படி: பழகிவிட்டது

"ஐ ஆம் யூஸ்ட் டு" என்பது வேறு குடும்பம். ஆம், இஸ், வாஸ் முன்னால் வந்துவிட்டால் பொருள் "எனக்குப் பழகிவிட்டது". பின்னால் பெயர்ச்சொல் வரவேண்டும், வெர்ப் வந்தால் இங் சேரவேண்டும். "ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்." "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் ஏர்லி." பழகிக்கொண்டிருக்கிறேன் என்றால் "ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு இட்". தமிழில் "வெயில் எனக்குப் பழகிவிட்டது" என்று வெயிலை முன்னால் வைப்பதால் சிலர் "தி ஹீட் இஸ் யூஸ்ட் டு மி" என்கிறார்கள். ஆங்கிலத்தில் பழகுவது ஆள்தான்.

இன்டர்வியூவுக்குப் போன தம்பிக்கு இதுவும் உதவியது. "ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் அட் ஃபைவ்" என்றால் காலை ஷிஃப்டுக்கு வருவதில் சிரமம் இல்லை என்பதும் சேர்ந்தே போய்விடும்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றி எழுதிய பத்தி இது. முதலில் எழுதியது:

"மை கிராண்ட்ஃபாதர் வுட் ஹேவ் எ கட்டமரான். ஹி யூஸ்ட் டு கோ டு சீ அட் த்ரீ. மை கிராண்ட்மதர் வாஸ் வெயிட்டிங் ஆன் தி ஷோர். ஹி யூஸ்ட் டு டூ திஸ் வொர்க் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்."

ஆங்கிலத்துக்கு அந்த கட்டமரான் என்ற சொல்லைக் கொடுத்ததே நம் கட்டுமரம்தான், அதைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்தோம். கட்டுமரம் அவரிடம் இருந்தது, அது நிலை. அதனால் வுட் ஹேவ் போய் யூஸ்ட் டு ஹேவ் வந்தது. அதுவே காலத்தையும் காட்டிவிட்டதால் அடுத்த வரியில் வுட் கோ. பாட்டி தினமும் காத்திருப்பாள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வாஸ் வெயிட்டிங் என்றால் அது ஒரு நாள் காட்சியாகிவிடும். அதனால் வுட் வெயிட். நாற்பது வருடம் என்ற கணக்கு வந்ததால் கடைசி வரிக்கு சிம்பிள் பாஸ்ட். திருத்திய பிறகு:

"மை கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு ஹேவ் எ கட்டமரான். எவ்ரி மார்னிங் ஹி வுட் கோ டு சீ அட் த்ரீ, அண்ட் மை கிராண்ட்மதர் வுட் வெயிட் ஆன் தி ஷோர். ஹி டிட் திஸ் வொர்க் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ்."

இதை எழுந்து நின்று படித்தபோது மாணவி எங்கேயும் தடுமாறவில்லை. அப்பா, பாட்டி, பழைய வீடு என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொண்டு இதே மாதிரி நான்கு வரி எழுதிப் பாருங்கள். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுதினால் போவார், வருவார் என்று வுட் வரும் இடங்கள் தானாகத் தெரியும்.

செய்து பார்க்க

இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கீழே பாருங்கள்.

1. தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், இப்போதும்தான்.
2. இந்தத் தெருமுனையில் முன்பு ஒரு டீக்கடை இருந்தது.
3. நாங்கள் நான்கு வருடம் நெய்வேலியில் இருந்தோம்.
4. முன்பெல்லாம் அண்ணனுக்கு மீன் பிடிக்காது.
5. சின்ன வயதில் தாத்தா எங்களுக்குத் தினமும் ராத்திரி கதை சொல்வார்.

முதலாவது "ஐ கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே". இரண்டாவது "தேர் யூஸ்ட் டு பி எ டீ ஷாப் அட் திஸ் கார்னர்". மூன்றாவது "வி லிவ்டு இன் நெய்வேலி ஃபார் ஃபோர் இயர்ஸ்". நான்காவது "மை பிரதர் டிடின்ட் யூஸ் டு லைக் ஃபிஷ்", நெவர் யூஸ்ட் டு போட்டிருந்தாலும் சரி. ஐந்தாவதுக்கு யூஸ்ட் டு டெல், வுட் டெல் இரண்டும் சரி. சின்ன வயதில் என்பது முன்னாலேயே இருப்பதால் வுட் தைரியமாக வரலாம். தாத்தா சொன்ன கதையையும் தொடர்ந்து சொல்லப்போகிறீர்கள் என்றால் முதல் வாக்கியத்துக்கு மட்டும் யூஸ்ட் டு போட்டுவிட்டு, அதன் பிறகு வுட்டிலேயே போங்கள்.